பூக்காரன்னு சொன்னாத்தான் நடப்பேன்

என்னை நேரில் அடித்தவர்களைவிடப் போனில் பார்த்தவர்கள்தான் அதிகம். கூண்டுக்குள் இறங்கிச் சண்டை போடுவது என் தொழில். எம்.எம்.ஏ. என்பார்கள். குத்தலாம், உதைக்கலாம், காலை வாரித் தரையில் சாய்க்கலாம், கழுத்தைச் சுற்றிப் பிடித்து மூச்சை நெருக்கலாம். கடிக்கக் கூடாது, கண்ணைக் குத்தக் கூடாது. வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று விதிமுறையில் எங்கேயும் இல்லை. அதனால்தான் நான் பிழைத்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் அம்மாவுக்கு ஒரு பூக்கடை. காலையில் அங்கே உட்கார்ந்து மல்லிகை கட்டுவேன். கட்டிக்கொண்டே அடுத்து என்னோடு மோதப்போகிறவனைக் கிண்டலடிப்பேன். அவன் முடிவெட்டு, அவன் நடை, அவன் உடம்பில் குத்தியிருக்கும் டிராகன் எதற்குப் பல்லி மாதிரி இருக்கிறது, இப்படி. கிள்ளானில் லோரி ஓட்டும் என் கூட்டாளி அதைப் போனில் பிடித்து ஏற்றிவிடுவான். அவனை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவது. கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் என் குத்துகளை வாங்கும் மிட் மெத்தையைப் பிடித்துக் கை வீங்குகிறவனும் அவன்தான், சண்டையன்று என் மூலையில் நின்று தண்ணீர் கொடுத்துத் தொண்டை கிழியக் கத்துகிறவனும் அவன்தான்.

ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. இரண்டுக்கும் கூட்டம் வந்தது. மாமாக் என்கிற சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீ கலக்குகிற அண்ணன் குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னோடு படம் எடுத்துக்கொண்டார். ஒரு முறை ரோட் பிளாக்கில் நிறுத்தி மோட்டோ பெட்டியைத் திறக்கச் சொன்ன போலீஸ்காரர்கூட என்னை அடையாளம் கண்டு செல்ஃபி எடுத்தார். ஆனால் முதலில் பெட்டி, பிறகுதான் செல்ஃபி. எனக்கு எத்தனை விசிறிகள் சேர்ந்தாலும் அந்த வரிசை மாறவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் பங்சாரிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய ஷோ நடத்துகிற ஏற்பாட்டாளர், தமிழர்தான், எல்லாரும் பாஸ் என்போம். இதுவரை அவருடைய ஷோவில் ஆள் வந்து உட்காருவதற்குள் முடிந்துபோகிற சில்லறைச் சண்டைகளில்தான் என்னைப் போட்டிருந்தார். இந்த முறை முக்கியச் சண்டைகளில் ஒன்று. நேரலை ஒளிபரப்பு உண்டு. நன்றாக ஆடினால் அடுத்தது சிங்கப்பூர் என்றார். நானும் மச்சானும் கையெழுத்துப் போட்டுவிட்டு மோட்டோவிலேயே கத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

பிறகு போஸ்டர் பார்க்கக் கூப்பிட்டார்.

அவர் ஆபீசில் குளிர்சாதனம் அடிக்கிற அடியில் பூ வைத்தால் ஒரு வாரம் வாடாது. மேசை மேல் போஸ்டரை விரித்தார். படத்தில் என் தலையை ஒட்டியிருந்தார்கள். ஏற்கெனவே கறுப்பாக இருக்கும் என்னை இன்னும் கறுப்பாக்கி, கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு வரைந்திருந்தார்கள்; பின்னால் ஒரு பாராங் கத்தி பளபளவென்று நின்றது. கீழே ரத்தச் சிவப்பில் ‘பிரிக்பீல்ட்ஸ் கேங்ஸ்டர்’.

“பாஸ், என் கன்னத்துல தழும்பே இல்லயே.”

“அது கம்ப்யூட்டர்ல போட்டது தம்பி.”

“அப்ப அந்தக் கம்ப்யூட்டரையே அனுப்புங்க. அது போய் சண்ட போடட்டும்.”

அவர் சிரித்தார். என் கிண்டலுக்குக் காசு கொடுக்கிறவர், சிரித்துத்தானே ஆக வேண்டும். “லிசன். மக்களுக்கு ஒரு கத வேணும். இந்தியப் பையன், கேங்க்லேந்து வந்தவன், இப்ப கூண்டுக்குள்ள. அதுதான் விக்கும். உள்ள வரும்போதும் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க.”

“நான் எந்தக் கேங்க்லயும் இல்ல பாஸ். எங்க அம்மாவுக்குப் பூ கட்டிக் குடுக்குறேன்.”

“பூக்காரன்னு போட்டா எவன்டா பயப்படுவான்?”

“பயப்பட வேணாம், வந்து அடி வாங்குனா போதும்.”

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. போஸ்டர் அச்சடித்தாகிவிட்டது என்றார். பிடிக்கவில்லையென்றால் சொல், கையில் விலங்கு மாட்டிக்கொண்டு வரவும் தயாராகக் கிள்ளானில் பையன்கள் நிற்கிறார்கள் என்றார்.

எனக்கு அந்தப் பேர் புதிதல்ல. பள்ளியில் மூன்றாம் படிவம் படித்தபோது கட்டொழுங்கு ஆசிரியர் எனக்கு அதை இலவசமாகவே கொடுத்திருந்தார். முடி கொஞ்சம் நீளம், நண்பர்கள் எல்லாரும் ஒரே நிறம், கடைசி பெஞ்சில் சத்தமாகச் சிரிப்பு. இவ்வளவுதான் சாட்சி. கழிப்பறைக் கதவு உடைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு நாள் நான் போகவே இல்லாத பள்ளிப் பயணத்தில் நடந்த சண்டைக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். அதோடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்தோம். யார் யாரை விட்டுப் போனோம் என்று இன்றுவரை முடிவாகவில்லை. ஓசியில் கிடைத்த அந்தப் பேரை இவர் டிக்கெட் போட்டு விற்கப் பார்த்தார்.

மச்சானிடம் சொன்னேன். அவன் லோரியை ஓரங்கட்டிவிட்டு ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“பேருதானே மச்சான். வாங்கிக்கோ லா,” என்றான். “சும்மா ஒரு நாளு முறைச்சிக்கிட்டு நட. சிங்கப்பூர் போனப்புறம் நீ சாமியார்னு வெச்சிக்கோ, எவன் கேக்கப் போறான்?”

“உன் லோரியில ‘திருட்டுச் சாமான்’னு எழுதி ஒட்டிக்கிட்டு ஓட்டுவியா?”

“அது வேற லா.”

“என்னா வேற?”

அவன் என் தட்டிலிருந்த ரொட்டியையும் எடுத்துக்கொண்டான். சண்டைக்கு முன் எடை குறைக்கிற நேரம், எனக்குச் சாப்பிட அனுமதியும் இல்லை. கோபத்தில் அந்த வாரம் நன்றாகவே எடை இறங்கியது.

வெள்ளிக்கிழமை எடை பார்க்கும் நாள். மறுநாள் சண்டை. வெள்ளி காலையிலேயே ஒரு கோயிலில் கல்யாணம், அதற்கு அம்மாவிடம் மாலை சொல்லியிருந்தார்கள். நானும் அம்மாவும் விடியும் முன்பே உட்கார்ந்து கட்டினோம். ரோஜா இதழை மடித்து மடித்துக் கோத்து, நடுவில் சம்பங்கி, நுனியில் வெள்ளி ஜிகினாக் குஞ்சம். பெண்ணுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. எச்சில்கூட விழுங்காமல் எடை குறைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ரோஜாவையே தின்னலாம் போல இருந்தது.

பெண்ணின் அம்மா மாலை வாங்க வந்தார். கடைக்கு எதிர்த் தூணில் அந்தப் போஸ்டரை ராத்திரியே ஒட்டியிருந்தார்கள். அவர் தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தூணைப் பார்த்தார்.

“அக்கா, அதுல இருக்குறது உங்க மகனா?”

“ஆமா, மகன்தான்,” என்றார் அம்மா, மாலையை வாழை இலையில் வைத்துக்கொண்டே.

“கேங்ஸ்டர்னு போட்ருக்கே.”

“அது சும்மா ஷோவுக்குப் போட்டது.”

“இல்லக்கா… மாப்பிள வூட்ல கொஞ்சம் ஒரு மாதிரி. எங்க வாங்குனீங்கன்னு கேப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.” அவர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருக்கோடிக் கடைக்குப் போய்விட்டார்.

நான் எழுந்து நேரே தூணுக்குப் போனேன். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தும்விட்டேன்.

“கிழிக்காத,” என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை. “நீ கிழிக்கிறத நாலு பேரு பாத்தா, பாரு, போஸ்டர்ல சொன்னது சரிதான்னு போவாங்க. வந்து பாட்டில்ல தண்ணி புடி. மாலைக்குத் தெளிக்கணும்.”

தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். அவர் மாலைகளுக்குத் தெளித்து ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். இனி அதை வாங்க ஆளில்லை.

எடை பார்க்கிற இடம் ஒரு பேரங்காடியின் நடுக்கூடம். இருவரும் அரைக்கால் சட்டையோடு தராசில் ஏறி இறங்கியதும் மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி நின்று முறைக்க வேண்டும், படம் எடுப்பார்கள். அந்த இடத்தில்தான் நான் ஏதாவது சேட்டை செய்வேன் என்று கூட்டம் காத்திருக்கும். எனக்கு ஒரு யோசனை வந்தது. கோயிலில் கிடா வெட்டும் முன் மாலை போடுவார்கள் அல்லவா, அந்த மாதிரி எதிராளி கழுத்தில் ஒரு மாலை போட்டுவிட்டு, நாளைக்கு நீதான் கிடா என்று சொல்ல வேண்டும். கிடா மாலை என்றால் செண்டுமல்லியும் வேப்பிலையும். கட்ட நேரமில்லை. ஐஸ் பெட்டியில் சும்மா கிடந்த இரண்டு மாலையையும் தூக்கிக்கொண்டேன். ஒன்று அவனுக்கு, ஒன்று ஜெயிக்கப்போகிற எனக்கு.

எந்த மாலை எதற்கு என்று எனக்குத் தெரியாதா? கூடத்தில் நிற்கிறவர்களில் பாதிப்பேர் தமிழர்கள், அவர்களுக்கும் தெரியும் என்பதைத்தான் நாக்கு வறண்ட அந்த மத்தியானத்தில் மறந்துபோனேன்.

என் எதிராளி சாலாக் செலாத்தானில் வளர்ந்த சீன இளைஞன். அமைதியானவன். என் வீடியோ ஒன்றுக்கும் பதில் கொடுத்ததில்லை. தராசிலிருந்து இறங்கியதும் நான் கழுத்தில் ஒரு மாலையோடு ஆடிக்கொண்டே போய் இன்னொன்றை அவனுக்குப் போட்டேன். மைக்கில் சொன்னேன்: “நாளைக்கு வெட்டு. இன்னைக்கே மாலை போட்டாச்சு!”

கூட்டம் கத்தியது. அவன் குனிந்து மாலையைப் பார்த்தான். ஜிகினாக் குஞ்சத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, நம்புங்கள், சுத்தமான சாலாக் செலாத்தான் தமிழில் சொன்னான்:

“டேய், ஆட்டுக்கு யாருடா ரோஜா மாலை போடுவா? இது கல்யாண மாலை லா.”

என் வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை. அவன் நிதானமாகத் தன் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி எனக்குப் போட்டான். இரண்டு மாலையோடு நான் கோயில் யானை மாதிரி நின்றேன்.

“இப்ப உன் டர்ன்,” என்றான். “மூணு தடவ மாத்தணும். எங்க பக்கத்து வூட்டு அக்கா கல்யாணத்துல பாத்திருக்கேன்.”

அவ்வளவுதான். கூடத்து மாடிகளிலிருந்தெல்லாம் நம் ஆட்கள் “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று கத்த ஆரம்பித்தார்கள். யாரோ வாயாலேயே நாதஸ்வரம் ஊதினான். ஒரு ஆன்டி கையில் வைத்திருந்த பாப்கார்னை அட்சதையாகப் போட்டார். மச்சானைப் பார்த்தேன், உதவிக்கு வருவான் என்று. அவன் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். வேறு வழி? நானும் மாற்றினேன். மூன்று முறை.

சாயந்திரத்துக்குள் அந்த வீடியோ எல்லாருடைய போனுக்கும் போய்விட்டது. என் பழைய வீடியோக்கள் எல்லாம் சேர்ந்தாலும் அதன் கால் தூசுக்கு வராது. அவன் மாலை போட நின்று வாங்கிக்கொண்டவன் நான், அதனால் ஊரே என்னைப் பொண்ணு என்று கூப்பிட்டது. மாமாக் கடை அண்ணன் “பொண்ணுக்குக் குடிக்க என்னா தண்ணி வேணும்?” என்று கேட்டார். அம்மா வீடியோவை முழுதாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: “சண்டைக்கிக் கல்யாண மாலைய எடுத்துட்டுப் போனவன் நீ ஒருத்தன்தான்டா. அதுவும் எப்படிப் போடற? குஞ்சம் முதுகுப் பக்கம் போயிருக்கு.”

எனக்கு அதில் வருத்தமே இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கிண்டல் பண்ணினேன், திருப்பி வாங்கினேன், கணக்கு நேர். அவன் என்னைப் பொண்ணு ஆக்கியதில் ஒரு விளையாட்டு இருந்தது, என் முகத்தைப் பார்த்துச் செய்தான். தூணில் ஒட்டியிருந்ததில் அந்த முகமே என்னுடையது இல்லை.

மறுநாள் சாயந்திரம் உடை மாற்றும் அறை. மச்சான் என் கைக்குத் துணி சுற்றி முடித்திருந்தான். போட்டி அதிகாரி வந்து அந்தக் கட்டைப் பார்த்துக் கையெழுத்திட்டு, கையுறையும் மாட்டியாகிவிட்டது. வெளியே இசை அதிர்வில் கதவு நடுங்கியது. பாஸ் பல்லெல்லாம் தெரிய உள்ளே வந்தார். கையில் ஒரு சிவப்புப் பட்டுச் சேலை.

“தம்பி, நேத்து நீ பண்ணதுக்கு டிக்கெட் சுத்தமா முடிஞ்சிருச்சி. இத தலையில போட்டுக்கிட்டு வா. ‘பிரிக்பீல்ட்ஸ் கேங்ஸ்டர், இப்ப பொண்ணு!’ அப்பிடின்னு மைக்குல கூப்பிடுவான். செத்துருவாங்க சிரிச்சி.”

“சேலைய குடுங்க பாஸ், போட்டுக்கறேன். எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த மொத வார்த்தைய எடுத்துருங்க.”

“எது?”

“கேங்ஸ்டர். அதுக்குப் பதிலா பூக்காரன்னு சொல்லச் சொல்லுங்க.”

“இப்ப வந்து விளையாடாத. அட்டையில எழுதிக் குடுத்தாச்சி.”

“அட்டைய மாத்துங்க.”

“முடியாது.”

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். “கையக் கட்டியாச்சு, கிளவுஸ் மாட்டியாச்சு. நடக்குறது மட்டும்தான் பாக்கி பாஸ். அது என் கால்.”

அவர் முகம் மாறியது. ஒப்பந்தம், வழக்கறிஞர், சிங்கப்பூர், இனிமேல் எந்த ஷோவிலும் நீ இல்லை, எல்லாம் வரிசையாக வந்தது. அதற்குள் நான் உள்ளே வருவதற்கான பாட்டைப் போட்டுவிட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் கூட்டம் கை தட்ட ஆரம்பித்தது. பாட்டு முழுதும் ஓடி முடிந்தது. அறையிலிருந்து ஒருவரும் வெளியே போகவில்லை. பிறகு யாரோ “பொண்ணு மேக்கப் போடுது லா!” என்று கத்த, அரங்கமே சிரித்தது.

சிரிப்பு எனக்கும் வந்தது, ஆனால் கண் கதவிலேயே இருந்தது. இத்தனை வருடம் கிள்ளான் மாடியில் வாந்தியெடுக்க வாந்தியெடுக்கப் பயிற்சி செய்தது இந்த ஒரு கதவைத் திறந்து நடப்பதற்குத்தான். அதைத் திறக்காமல் நானே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடு, பேர்தானே என்று என் காலே என்னைக் கெஞ்சியது.

பாஸ் மச்சான் பக்கம் திரும்பினார். “நீயாவது சொல்லுப்பா. உன் பேச்சக் கேப்பான்.”

பேர்தானே வாங்கிக்கோ என்று சொன்னவன் அவன். தோளில் துண்டு, கையில் தண்ணீர் வாளி. என்னைப் பார்த்தான். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான்.

“பாஸ், நான் லோரிக்காரன். சாமான் ஒண்ணு, சீட்டுல எழுதுனது ஒண்ணுன்னா நான் இறக்க மாட்டேன். கிள்ளான் துறைமுகத்துல எவன் கத்துனாலும் இறக்க மாட்டேன். நீங்க சீட்ட மாத்திட்டு வாங்க, இந்தச் சாமான நான் இறக்குறேன்.”

அவன் காதில் அப்போது ஒரு முத்தம் கொடுத்திருப்பேன். பாஸ் குறுக்கே நின்றார், தப்பித்தான்.

பாட்டை இரண்டாவது முறையாகப் போட்டார்கள். பாஸின் வாக்கி-டாக்கி கரகரவென்று கத்தியது. நேரலை போய்க்கொண்டிருக்கிறது, ஆள் எங்கே, ஆள் எங்கே. அவர் என்னை முறைத்தபடியே அதை வாய்க்குக் கொண்டுபோனார். “பேர மாத்து. ஃப்ளவர் செல்லர். ஆமா, ஃப்ளவர்… ரோஸ், ஜாஸ்மின், அந்த ஃப்ளவர்தான்டா! சொல்லித் தொல.”

சேலையைத் தலையில் போட்டுக்கொண்டேன். வாக்கு வாக்குதான்.

கதவு திறந்தது. அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் ஒரு முறை சொன்னார், மலாயில் ஒரு முறை சொன்னார். “பெஞ்சுவால் புங்கா, டாரி பிரிக்பீல்ட்ஸ்!” பூ விற்கிறவன், பிரிக்பீல்ட்ஸிலிருந்து. அரங்கில் ஒரு கணம் குழப்பம். பயமுறுத்துகிற பேருக்குக் காத்திருந்தவர்களுக்குப் பூ வந்தால் என்ன செய்வார்கள்? பிறகு மேல் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்:

“பூக்காரா! முழம் எவ்ளோ?”

“உனக்கு ஓசிடா!” என்றேன். சிரிப்பு அலையாக இறங்கி வந்தது. அந்தச் சத்தத்துக்குள் நான் நடந்துபோனேன். அந்த நடைக்காக நான் யாரிடமும் எதற்கும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

சண்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வலிக்கிறது. முதல் சுற்றில் அவன் என் இடது தொடையை உதைத்து உதைத்து மரத்துப்போகச் செய்தான். இரண்டாவது சுற்றில் அவன் உதைத்த காலையே பிடித்து வாரிக் கீழே தள்ளினேன். மேலே ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரம் நன்றாகக் கொடுத்தேன். மச்சான் கத்திய கத்தலில் மூலைக் கம்பி அதிர்ந்தது. எழுந்து கம்பி வலையோரம் கட்டிப்பிடித்து நெருக்கிக்கொண்டிருக்கும்போது அவன் என் காதோரம் கேட்டான்: “மாமியா வூடு சௌரியமா இருக்கா?”

சிரித்துவிட்டேன். சிரித்த வாய் மூடும் முன் அவன் முழங்கை என் கண்ணுக்கு மேல் இறங்கியது. கிண்டலடித்து ஆளைக் கவிழ்ப்பது என் வித்தை. அதை என்னிடமே காட்டினான். மூன்றாவது சுற்று முழுவதும் ஒரு கண்ணால்தான் பார்த்தேன், ஆனால் பின்வாங்கவில்லை. கடைசி மணி அடித்தபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் நின்றோம், இல்லாவிட்டால் விழுந்திருப்போம்.

நடுவர்களில் இருவர் அவனுக்குக் கொடுத்தார்கள், ஒருவர் எனக்கு. கூட்டம் ஊளையிட்டது. மைக்கோடு ஒரு பெண் வந்து எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். மைக்கை வாங்கிக்கொண்டேன்.

“ஏன் கத்துறீங்க? அவன் நல்லா அடிச்சான், நான் தோத்தேன், அவ்ளோதான். இன்னொண்ணு. நேத்து எங்க அம்மா கடையில கல்யாண மாலை வேணாம்னு போன ஆன்டி பாத்துக்கிட்டு இருந்தா… ஆன்டி, நான் கேங்ஸ்டர் இல்ல. பூ விக்கிறவன். இப்ப தோத்தும் போயிட்டேன், நல்லா ஒத வாங்கிட்டேன். இனிமே பயப்படாம கடைக்கி வாங்க.”

கூண்டுக்கு வெளியே பாஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடையைத் திறந்தேன். அம்மா போய்ப் படு என்றார். ஒளிந்துகொள்ள நான் என்ன தப்பா செய்தேன்? ஒரு கண் இட்லி மாதிரி வீங்கியிருந்தது. ஆட்கள் பூ வாங்குவது போல வந்து கண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். போனில் ‘பூ வாடிருச்சி’ என்று எழுதியவர்களும் நேரில் வந்தார்கள். ஒரு ஆன்டி குனிந்து உற்றுப் பார்த்தார்.

“தோத்துட்டியாமே?”

“ஆமா ஆன்டி. எத்தன முழம்?”

“ரெண்டு. ஐஸ் வெச்சியாடா?”

“வெச்சேன். பூவுக்குப் போக மிச்சம்.”

அப்போதுதான் பாஸ் கூப்பிட்டார். கையில் நார், அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் போனை என் காதருகே பிடித்தான். கோபமெல்லாம் இல்லை, குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது. நேற்றைய சண்டை நன்றாகப் போனது, ரீமேட்ச் கேட்கிறார்கள், ஜெயித்தால் சிங்கப்பூர் உறுதி என்றார். மச்சான் கண் விரிந்தது.

“ஆனா தம்பி, தோத்தவன் பேரத் தேர்ந்தெடுக்க முடியாது. போஸ்டர் பழைய போஸ்டர்தான். ஓகேவா?”

“இல்ல பாஸ்.”

“யோசிச்சிச் சொல்லு.”

“யோசிச்சாச்சு. முந்தாநேத்து எங்க அம்மா மாலைய ஐஸ் பெட்டியில வெச்சாங்க பாருங்க, அப்பவே யோசிச்சாச்சு.”

“உனக்கு வேற எவன் மெயின் கார்டுல சண்ட குடுப்பான்னு நெனக்கிற?”

“குடுக்கலன்னா பூ கட்டுவேன் பாஸ். உங்க வூட்டுல விசேஷம்னா சொல்லுங்க, வெல பாத்துப் போடறேன்.”

அவர் வைத்துவிட்டார். மச்சான் போனைச் சட்டையில் துடைத்தான். “சிங்கப்பூர் போச்சு,” என்றான். “பஸ்ஸு ஏறுனா நாலஞ்சி மணி நேரம். அதுக்கு இவ்ளோ கஷ்டம் எனக்கு.”

“கிள்ளான்ல ஹால்ல ஷோ போடறாரே ஒருத்தர், அவர் நம்பர் வெச்சிருக்கியா?”

“அது சின்ன ஷோ லா. பிளாஸ்டிக் நாற்காலி. மழ பெஞ்சா ஒழுவும்.”

“கூப்பிடு. காசு எவ்ளோன்னு அப்புறம் கேளு. போஸ்டர்ல என்னா போடுவாருன்னு மொதல்ல கேளு.”

அவன் கெட்ட வார்த்தைகளை மலாயில் இரண்டும் சீனத்தில் ஒன்றுமாக உதிர்த்துவிட்டு நம்பரை அழுத்தினான். நான் அடுத்த கண்ணி மல்லிகையை எடுத்து நாரில் வைத்தேன்.

“ஹலோ, அண்ணே? ஆமா, அவன்தான், கல்யாணம் பண்ணிக்கிட்டவன்… ஆமா, தோத்தான்… இல்ல இல்ல அண்ணே, கேங்ஸ்டர் வேணாம். பூக்காரன். எழுதிக்கிங்க, தமிழ்லயே எழுதிக்கிங்க. பூ… காரன்… பெரிய எழுத்துல.”